பேரணி போகட்டும், பெருமை வேண்டாம்

பாரிஸ் நகரத்துக்கு ஊர்வலங்கள் புதிதல்ல. ஆனாலும் 2001-ல் அங்கே முதன்முறையாக ‘வெஜ்ஜி பிரைடு’ பேரணி கிளம்பியபோது வேடிக்கை பார்த்தவர்கள் சற்றுக் குழம்பித்தான் போயிருப்பார்கள். கூலி உயர்வு கேட்கவில்லை, ஓய்வூதியம் கேட்கவில்லை. விலங்குகளைக் கொன்று உண்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள், அந்த முடிவுக்காக எங்களைக் கேலி செய்வதை இனிப் பொறுக்க மாட்டோம் என்று வீதிக்கு வந்திருந்தார்கள். பிரான்ஸில் அது சாதாரண தைரியம் அல்ல. அலுவலக விருந்திலும் உறவினர் வீட்டிலும் பள்ளிக்கூட உணவகத்திலும் இறைச்சி இல்லாத தட்டு என்பதே அங்கு ஒரு வம்பு. 2018-ல் சட்டம் போட்ட பிறகுதான் பள்ளி உணவகங்களில் வாரத்துக்கு ஒரு வேளையாவது இறைச்சியில்லா உணவு வந்தது. அப்படிப்பட்ட ஊரில் ‘பெருமை’ என்ற சொல்லுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒதுக்கப்பட்ட சிறுபான்மை தலைநிமிர்ந்து நடந்த பெருமை அது. 2008 மே மாதம் நியூயார்க்கிலும் இதே பேரில் ஊர்வலம் கிளம்பியது. கிளம்பிய இடம் ஒரு காலத்தில் இறைச்சி வணிகத்துக்குப் பேர்போன மீட்பேக்கிங் டிஸ்ட்ரிக்ட். பேரணிக்காரர்களுக்குக் குறும்பும் தெரிந்திருக்கிறது.

காரைக்காலுக்கும் பாரிஸுக்கும் உள்ள உறவு வரைபடத்தில் தெரியாது. 1739-ல் ஏறிய பிரெஞ்சுக் கொடி 1954-ல்தான் இங்கே கடைசியாக இறங்கியது. இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரான்ஸில் சொந்தபந்தமும் உள்ள குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. பாரிஸில் பிறந்த ஒரு யோசனை விடுமுறைக்கு வரும் ஒரு பேரனின் பையில் இங்கு வந்து சேர்வது ஒன்றும் நடக்காத காரியமல்ல. அப்படி வந்தால், சைவ உணவின் பெருமைக்கும் விலங்குகளின் உரிமைக்கும் சேர்த்து பாரதியார் சாலையில் ஒரு பேரணி நடத்தலாமா? நடத்தலாம், நடத்தவும் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அந்த இரண்டில் ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். விலங்குக்காக நடக்கலாம், உண்பவரின் பெருமைக்காக நடந்தால் விலங்குக்குத்தான் நஷ்டம். இது ஏதோ நாகரிகம் கருதிச் சொல்வதல்ல. நம் பக்கத்தில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

முதலில் ஊரைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2 லட்சம் மக்கள் வாழும் இந்தச் சிறிய மாவட்டம் கடலை நம்பியும் வயலை நம்பியும் இருக்கிறது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று கரையோரம் நெடுக மீனவக் கிராமங்கள். ஊருக்குள் அம்மையார் கோயில், மஸ்தான் சாகிபு தர்கா, தேற்றரவு அன்னை ஆலயம். மேற்கே திருநள்ளாறு. சுற்றியிருக்கும் தமிழ்நாட்டில் 2014-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி அசைவம் உண்பவர்கள் 97.65 சதவீதம். காரைக்கால் இதற்கு விதிவிலக்காக இருக்க ஒரு காரணமும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கும் சைவ உணவுக்காரர்கள் பாரிஸ் போலவே சிறுபான்மைதான். ஆனால் அந்த ஒற்றுமை எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. பிரான்ஸில் காய்கறி உண்பவர் கேலிக்கு ஆளாகிறார். இங்கே மீன் வாசனை உள்ளவருக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை. ‘சைவம் மட்டும்’ என்று வீட்டு வாசலில் தொங்கும் பலகை நம் நகரங்களில் எத்தனை காலமாகத் தொங்குகிறது, அது யாரை வெளியே நிறுத்தத் தொங்குகிறது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு ஒரு வாசல், கை கழுவும் இடமும் தனித்தனி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பின் கிழித்தார்கள். எண்ணிக்கையில் சிறுபான்மை, அந்தஸ்தில் மேல்படி. இந்த நிலையில் இருப்பவர் ‘பெருமை’ என்று பதாகை பிடித்து மீனவக் கிராமத்து வழியே நடந்தால், பதாகையில் ஆட்டின் படம் இருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிவது சாதியின் முகம்தான்.

இதனால் விலங்குக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இரண்டு சான்றுகள் போதும். தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்க 1950-லேயே ஒரு சட்டம் இருந்தது. அரை நூற்றாண்டு தூங்கிக்கொண்டிருந்த அதை 2003-ல் ஜெயலலிதா அரசு திடீரென்று தட்டி எழுப்பியது. அடி விழுந்தது அய்யனாருக்கும் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும். பெருங்கோயில்களுக்கு அதனால் ஒரு சிரமமும் இல்லை. உங்கள் சாமி சாப்பிடுவது தாழ்ந்த சாப்பாடு என்று அரசே சொல்வதாகக் கிராமங்கள் எடுத்துக்கொண்டன. அப்படி எடுத்துக்கொண்டதில் தவறும் இல்லை. 2004-ல் அரசு பின்வாங்கியது, சட்டமே நீக்கப்பட்டது. ஆட்டுக்குக் கிடைத்த லாபம் என்ன? முன்பு ஏட்டிலாவது இருந்த ஒரு சட்டமும் போனதுதான். அடுத்தது 2017 மே. சந்தையில் மாடுகளை இறைச்சிக்காக விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. போட்டது எந்தச் சட்டத்தின் கீழ்? விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ். வதையைத் தடுக்க வந்த சட்டத்தை யார் என்ன உண்பது என்று தீர்மானிக்கும் கோலாக எடுத்து வீசியதும், ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த விதிகளில் சந்தை மாட்டுக்கு நிழல், தண்ணீர், மருத்துவர் என்று உருப்படியான சங்கதிகளும் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உணவுச் சண்டை தொடங்கிவிட்டால் மாட்டின் தாகம் யாருக்கும் நினைவுக்கு வராது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் தீவிர சைவ உணவுக்காரர். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது விலங்குகள் வதைத் தடுப்பு மசோதாவை. நேருவின் அரசு தானே ஒரு சட்டம் கொண்டுவருவதாக உறுதியளித்ததால் அவர் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல ஆண்டுகள் அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. அவர் வித்திட்ட அந்தச் சட்டம் யாரையும் இறைச்சி உண்ணாதே என்று சொல்லவில்லை. உணவுக்காகக் கொல்வதை அது குற்றமாக்கவில்லை. தேவையற்ற வேதனையைத்தான் குற்றமாக்கியது. மத வழக்கப்படி கொல்வதற்கும் 28-ம் பிரிவில் விலக்கு கொடுத்தது. சைவ உணவுக்காரர்கள் சிலருக்கு அது அன்றும் போதவில்லை, இன்றும் போதாது. ஆனால் அந்தச் சட்டம் 60 ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டது. காரணம், இறைச்சி உண்பவரும் ஏற்கக்கூடிய ஓர் அடித்தளத்தின் மேல் அது கட்டப்பட்டது. மனிதன் எதை உண்டாலும் வலி வலிதான் என்பதே அந்த அடித்தளம்.

தெருநாய் விவகாரமும் அப்படித்தான். ஒரு காலத்தில் சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே கருத்தடைதான் வழி என்று சொல்லத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்க 1990-களின் நடுப்பகுதி ஆனது. பிறகு அதுவே நாட்டின் விதியாயிற்று. நாய்க்குக் கருத்தடை செய்யச் சொன்னவர்கள் யாருடைய சமையலறையையும் எட்டிப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு சொன்னபோது வீதிக்கு வந்தவர்களில் எல்லா உணவுக்காரர்களும் இருந்தார்கள். 11 நாட்களில் மற்றோர் அமர்வு அந்த உத்தரவைத் தளர்த்தியது. நாய்க்கடி பட்ட குழந்தைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு அதனால் பதில் கிடைத்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைத் தாண்டி விலங்கைப் பார்க்கும் கூட்டம் இந்த நாட்டில் உண்டு என்பது அதில் தெரிந்தது.

சரி, காரைக்காலின் மரபு என்ன சொல்கிறது? பேரணி என்றதும் காரைக்கால் அம்மையார் படத்தை முன்னால் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாங்கனி, தயிர்சோறு, ஆனி மாதம் வீடுகளிலிருந்து மாம்பழம் இறையும் திருவிழா. சைவ உணவுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. ஆனால் அந்த அறுபத்து மூவர் வரிசையில் அம்மையார் தனியாக உட்காரவில்லை. பக்கத்து நாகையின் நுளைப்பாடியில் பிறந்த அதிபத்தர் பரதவர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். சற்று உள்ளே திருச்செங்காட்டங்குடியில் பிள்ளைக்கறி சமைத்த சிறுத்தொண்டர். அவர் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல முடியாது. வேடர் கண்ணப்பர் இறைவனுக்கு ஊட்டியதே இறைச்சி. இவர்கள் எல்லோருக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்த மரபை வைத்துக்கொண்டு உணவால் ஒருவர் உயர்வு பேச முடியாது. அதிபத்தர் மீனுக்கு இரங்கி அதை விடவில்லை, பக்தியால் விட்டார் என்பது உண்மையே. கதையை நம் வசதிக்கு வளைக்க வேண்டாம். ஆனாலும் பிடித்ததெல்லாம் தனக்கே என்று நினைக்காத ஒரு மீனவரை, வலை வறண்டு ஒரே மீன் கிடைத்த நாளிலும் அதை விட்டுவிட்டு வீடு திரும்பியவரை, இந்தக் கடற்கரை ஆண்டுதோறும் விழா எடுத்து நினைக்கிறது. பேரணியின் முன்னால் அம்மையாரும் அதிபத்தரும் சேர்ந்து போகட்டும். ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி ஊர் வெளியே நின்றுவிடும்.

விலங்கு உரிமை என்பது வெள்ளைக்காரன் சரக்கு என்பார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய லட்சக்கணக்கான இளைஞர்கள் மனத்தில் பதிந்தது அதுதான். ஜல்லிக்கட்டை எதிர்த்த ‘பீட்டா’ அமைப்பின் பெயரைச் சொன்னாலே இன்றும் முகம் சுளிப்பவர் பலர். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த தீர்ப்பில் காளைக்கும் கண்ணியமான வாழ்வு உண்டு என்று எழுதியது. 2023-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றதோடு, விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்ற வாதத்தை ஏற்கவும் மறுத்தது. அந்த வழக்கில் யார் சரி என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். ஆனால் சரக்கு இறக்குமதி என்ற குற்றச்சாட்டு மட்டும் டெல்டாவில் எடுபடாது. திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும் அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் நாம் குழந்தைக்குச் சொல்லும் கதை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த மன்னனின் சிலை நிற்கிறது. ஒரு மாடு வழக்குத் தொடுத்து வென்ற கதையை நீதிக்கே சின்னமாக வைத்திருக்கும் சமூகத்துக்கு விலங்கு உரிமையை வெளியிலிருந்து யார் வந்து கற்பிக்க வேண்டும்? காரைக்காலுக்கு வடக்கே பூம்புகாரைக் களமாகக் கொண்ட மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வருகிறான். வேள்விக்காகக் கட்டியிருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போனவன். பிடிபட்டு அடிபட்டு ஊரை விட்டே துரத்தப்பட்டவன். கூண்டை உடைத்து விலங்கை விடுவிக்கும் மேலைநாட்டு இளைஞர்களுக்கு அவன் மூத்த அண்ணன். அவன் கிளர்ந்தது மேல்தட்டின் சடங்குக்கு எதிராக என்பதையும் கவனிக்க வேண்டும். நம் மண்ணில் புலால் மறுப்பு முதலில் எதிர்ப்புக் குரலாகத்தான் எழுந்தது. சமணமும் பௌத்தமும் அதைப் பேசின. திருக்குறள் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கியது. வாடகைப் பலகை பிற்பாடு வந்த வியாதி.

வள்ளலாரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சைவ உணவுப் பேரணி நடத்துவோர் எல்லோரும் அவர் படத்தைத் தவறாமல் எடுத்து வருகிறார்கள். புலால் விஷயத்தில் அவரைவிடக் கண்டிப்பானவர் தமிழில் இல்லை. உயிர்க்கொலையும் புலையும் தவிர்த்தவர்களை ஓர் இனமாகவும் தவிர்க்காதவர்களைப் புற இனமாகவும் அவர் பிரித்தது உண்மை. ஆனால் அந்தப் புற இனத்தவருக்கும் பசி வந்தால் சோறு போடு என்றார். 1867 மே மாதம் வடலூரில் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. வரிசையில் நிற்பவரிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவரைப் பேரணிக்கு அழைத்துவரலாம். அழைத்துவந்தால் முழுதாக அழைத்துவர வேண்டும். பள்ளிக் குழந்தைகளின் தட்டிலிருந்து முட்டையை எடு என்று 2021-ல் கர்நாடகத்தில் சில மடாதிபதிகள் போராடினார்களே, அந்தப் பக்கம் அவரை இழுக்க முடியாது. மாற்றாக அதே அளவு புரதத்தைக் கொடுக்க வழியில்லாமல் ஏழைக் குழந்தையின் முட்டையில் அகிம்சையைத் தொடங்குவது, அடுத்தவன் செலவில் புண்ணியம் தேடுவது.

சைவத் தட்டும் அவ்வளவு சுத்தமா என்பது அடுத்த கேள்வி. 2023-24-ல் இந்தியாவின் பால் உற்பத்தி 23.9 கோடி டன். உலகிலேயே முதலிடம். பசுவும் எருமையும் கன்று ஈன்றால்தான் பால். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி ஆண். ஏரும் வண்டியும் போய் டிராக்டர் வந்த பிறகு அந்த ஆண் கன்றுக்கு வேலை இல்லை, தீவனத்துக்குப் பணமும் இல்லை. அது எங்கே போகிறது? பால் வற்றிய கிழட்டு எருமை எங்கே போகிறது? எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இந்தியா நிற்பது எப்படி? தயிர்சோற்றுக்கும் கசாப்புக் கடைக்கும் நடுவே ஒரு கம்பிவேலி இருப்பதாக நினைப்பது கற்பனை. இரண்டும் ஒரே தொழிலின் முன்வாசலும் பின்வாசலும். கல்யாணப் பந்தியில் சுத்த சைவச் சாப்பாடு, உடம்பில் ஆயிரக்கணக்கான பட்டுப்புழுக்களை வெந்நீரில் போட்டு எடுத்த சேலை. காஞ்சி மகாபெரியவரே பட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார், கேட்டவர்கள் குறைவு. ‘வீகன்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இளைஞர்கள் பாலையும் விட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அவர்களும் கூடச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல் பெருமை அல்ல. நெல் வயலில் எலிக்கு வைக்கும் மருந்து யாருடைய தட்டையும் விட்டுவைப்பதில்லை.

‘கொல்லாதே என்று சொல்லத் துணிவில்லை. கொல்லும் முன் தண்ணீர் கொடு என்று கேட்பதற்கு ஒரு பேரணியா?’ கடுமையான சைவ உணவுக்காரர் எழுப்பும் எதிர்வாதம் இது. இதைத் தள்ளிவிட முடியாது. கூண்டைப் பெரிதாக்கினால் கூண்டு நியாயமாகிவிடும், இறைச்சி உண்பவரின் மனசாட்சி தூங்கிவிடும் என்கிறார் அவர். நான் எண்ணிக்கையைக் காட்டுவேன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே அதிகமாகத் தமிழ்நாட்டில் 12 கோடிக்கு மேல் கோழிகள். அவற்றில் முட்டைக் கோழியின் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் தரை ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. சிறகை ஒருமுறை முழுதாக விரிக்காமலே அது வாழ்ந்து முடிகிறது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கையில் இதைத்தான் பேசியது.  நூறு பேரில் இருவர் புதிதாகச் சைவத்துக்கு மாறினால் குறையும் வேதனையைவிட, மீதி 98 பேரும் சேர்ந்து கேட்டுக் கூண்டு முறை மாறினால் குறையும் வேதனை பல மடங்கு அதிகம். முன்னது கூடாது என்று சொல்லவில்லை. அதை வீட்டிலும் நட்பிலும் புத்தகத்திலும் செய்யலாம். வீதியில் கேட்க வேண்டியது எல்லோரும் சேர்ந்து கேட்கக் கூடியதை.

காரைக்காலில் அப்படிச் சேர்ந்து கேட்க என்ன இருக்கிறது? கடலிலிருந்தே தொடங்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட இந்தக் கிழக்குக் கரைக்கு வரும் ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் அடியிலேயே மூச்சடைத்துப் போகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர் அது. வலையில் ஆமை வெளியேற ஒரு கதவு வைக்கும் கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ப வடிவமைத்திருக்கிறது. கதவு வழியே மீனும் இறாலும் போய்விடும் என்பது மீனவரின் கவலை. டீசல் விலையில் ஒரு கூடை போனாலும் வலிக்கும். அதனால் அந்தக் கருவியை அரசு செலவில் கொடு, முதல் சில பருவங்களுக்கு இழப்பை ஈடு செய் என்று பேரணி கேட்கட்டும். இந்தக் கதவு இல்லை என்ற காரணத்தால்தான் 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதில்லை. ஆமையின் மூச்சும் மீனவரின் வருமானமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. இன்னொரு சிக்கல் காரைக்காலுக்கே உரியது. இது தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு நடுவே செருகிய புதுச்சேரித் துண்டு. வடக்கே ஒரு விதி, நடுவே ஒரு விதி, தெற்கே மறுபடியும் பழைய விதி. ஆமைக்கு எந்த அரசின் எல்லையும் தெரியாது. இரண்டு மீன்வளத் துறைகளும் ஒரே விதியை ஒரே நாளில் அமல்படுத்தினால் ஒழிய ஒருவர் விலக, மற்றவர் அள்ளும் சண்டைதான் மிஞ்சும்.

மீனவரைச் சேர்த்துக்கொள்வது பற்றிப் பேசும்போது இன்னொரு குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று காரைக்கால் படகில் போன மீனவர்கள்மீது இலங்கைக் கடற்படை சுட்டது. 13 பேர் பிடிபட்டார்கள், சிலர் காயம்பட்டார்கள். மனிதனைச் சுடுகிறார்கள், நீங்கள் ஆமைக்கு ஊர்வலம் போகிறீர்களா என்று கரையில் ஒருவர் கேட்டால் அது குதர்க்கம் ஆகாது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் வாயால் சொல்வதல்ல. அவருடைய ஊர்வலத்துக்கும் போயிருக்க வேண்டும். தன் ஊர் மீனவன் சிறையில் இருக்கும்போது வாயைத் திறக்காதவர் ஆமைக்கு இரங்குகிறேன் என்று வந்தால் கரை நம்பாது. நம்பாமல் இருப்பதே சரி. டெல்டா இதை ஏற்கெனவே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. வயலை உப்பாக்கிய இறால் பண்ணைகளை எதிர்த்துக் காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நாகைப் பகுதியில் நடந்தபோது நிலமற்ற கூலிகளும் மீனவரும் கூட நடந்தார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. மண், தண்ணீர், மீன், மனிதர் என்று அந்தப் போராட்டம் துண்டு போட்டுப் பார்க்கவில்லை.

கரையேறினால் கோரிக்கைகள் இன்னும் எளியவை. எல்லாம் ஏற்கெனவே சட்டத்தில் உள்ளவை. இறைச்சிக் கூட விதிகள் 2001-ல் வந்தன. கால்நடை மருத்துவர் பார்க்காமல் அறுக்கக் கூடாது, சினையாக இருப்பதை அறுக்கக் கூடாது, ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. இதில் இறைச்சி உண்பவருக்கும் ஆதாயம். நோயுற்ற ஆடு அவர் தட்டுக்கு வராது. லாரியில் மாட்டுக்கு 2 சதுர மீட்டரும் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டரும் இடம் விட வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. வாரக் கடைசியில் எல்லை தாண்டி வருகிறவர்களில் பாதிப்பேர் திருநள்ளாறு சனீஸ்வரனுக்காகவும் மீதிப்பேர் மலிவு மதுவுக்காகவும் வரும் இந்த ஊரில் சோதனைச்சாவடிக்குப் பஞ்சமில்லை; பாட்டிலை எண்ணும் கண்ணுக்கு ஆட்டையும் எண்ணத் தெரியும். மாவட்டந்தோறும் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பதும் 2001-ன் விதி. அந்தச் சங்கத்தில் கால்நடை மருத்துவரோடு ஒரு கசாப்புக் கடைக்காரரும் ஒரு மீனவப் பெண்ணும் இருக்கட்டும் என்று கேட்டால் அதன் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருக்கும்.

நடத்தும் முறை பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பேரணிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் தேதியிலும் பாதையிலும் கோஷத்திலும்தான். உலக விலங்குகள் தினமான அக்டோபர் 4 வசதியாகத் தோன்றும். வேண்டாம். அது புரட்டாசி. ஊரில் பாதிப்பேர் அந்த மாதம் கவுச்சி தொடுவதில்லை. ஏற்கெனவே நிறுத்தியவர்களிடம் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது? மேலும் புரட்டாசி ஊர்வலம் மத ஊர்வலமாகவே தெரியும். பக்ரீத்தை ஒட்டி வைக்கவே கூடாது. அந்த நாளைத் தேர்ந்தெடுப்பவரின் நோக்கம் ஆட்டைக் காப்பது அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீனவர் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அப்போது உணவைப் பற்றிப் பேசுவது அநாகரிகம். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியான நாள். மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த கை இன்னும் ஈரமாக இருக்கும், விவசாயி வருவார். ஆமைப் பருவமும் அதுதான். பாதை அம்மையார் கோயில் வாசலிலிருந்து கடற்கரை வரை போகட்டும். மீன் அங்காடி வழியே போக வேண்டாம். கூடை முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வியாபார நேரத்தில் அவர் முகத்துக்கு நேரே கோஷம் போடுவது வீரமல்ல. கொலைகாரர், பிணந்தின்னி போன்ற சொற்கள் பதாகையில் இருக்கக் கூடாது. தோலுரித்த விலங்கின் படம், ரத்தச் சாயம், கூண்டுக்குள் மனிதர் போன்ற மேலைநாட்டு வித்தைகள் வேண்டாம். நம் சந்தைகளில் அதெல்லாம் நிஜமாகவே தொங்குகிறது, யாரும் அதிர்ந்து திருந்திவிடவில்லை. நடந்து முடித்தவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள். சாம்பார் சாதமாகவே இருக்கட்டும், அதை யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. சாப்பாடு பேரணியில் வந்தவர்களுக்கு மட்டும் என்று வைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, மனுவில் என்ன எழுதுவது என்பதும் தெளிவாக இருக்கிறது. 1960-ன் சட்டத்தில் ஒரு விலங்கை அடித்து வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவு தனியாக உண்டு. ஆனால் அன்றாடச் சித்திரவதைக்கு இன்றும் விலை அதே 50 ரூபாய். காரைக்காலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அது போதாது. இதை உயர்த்த மத்திய அரசு 2022 நவம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை. இதில் கையெழுத்துப் போட யாரும் சைவமாக மாற வேண்டியதில்லை; மீன் விற்கும் பெண்ணும் போடலாம், தர்கா வாசலில் பிரியாணி விற்பவரும் போடலாம், அம்மையார் கோயில் குருக்களும் போடலாம். புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். பேரணி கடற்கரையில் முடிந்த மறுநாள் அந்த மனு மாவட்ட ஆட்சியர் வழியாக அவர்கள் இருவருக்கும் போய்ச் சேரட்டும்.